பம்பாய்க்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பம்பாய்வாழ் தமிழர் எவரையேனும் நோக்கிச் "சென்னை இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று வினவினால், அவர் மைல் கணக்கில் விடை கூறுவதில்லை. "மெயிலில் ஏறினால் மறுநாள் போய்ச் சேரலாம்" என்பார் ஒருவர். "விமானத்தில் இரண்டு மணி நேரம்" என்பார் மற்றொருவர். ஊரைவிட்டு வந்து வாழ்வோர்க்குத் தூரம் என்பது காலமேயாகும். தாயின் முகத்தைக் காண எத்தனை நாள் ஆகும் என்பதே நம்மவர் அறிந்த அளவுகோல்.

அந்த அளவுகோல் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வாறு சுருங்கிற்று, யார் யாருக்குச் சுருங்கிற்று என்பதை ஆண்டு விழா மலரின் வாயிலாக நம் குடும்பத்தார்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கால அட்டவணைகளோடு நாள்தோறும் பழகும் எழுத்தர் என்னும் அளவில் நமக்கு இப்பொருளில் சிறிது உரிமை உண்டு.

இரு கணக்குகள்

இன்று மும்பை எனவும் சென்னை எனவும் வழங்கும் இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே, நேர்கோட்டில் உள்ள தூரம் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர், அதாவது 640 மைல். இருப்புப்பாதை வழியே சென்றாலோ ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர், பழைய கணக்கில் 795 மைல். பறவை செல்லும் வழியைவிடப் புகைவண்டி செல்லும் வழி 250 கிலோமீட்டர் நீளம்.

இந்த 250 கிலோமீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது? மலையிலும் ஆற்றிலும் ஒளிந்திருக்கிறது. கல்யாணைக் கடந்து கர்ஜத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைந்து, போர் கணவாய் வழியே ஏறி, புனா, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று வளைந்து வளைந்து செல்வது நம் பாதை. விமானத்துக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை.

புகைவண்டிக்கு முன்னர்

புகைவண்டி வருமுன் இவ்விரு நகரங்களுக்கும் இடையே தரை வழியும் கடல் வழியும் இருந்தன. தரை வழியில் மாட்டு வண்டி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் சென்றதாகக் கொண்டால், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் கிருஷ்ணையையும் துங்கபத்திரையையும் கடக்க வேண்டும். மழைக்காலமாயின் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். கடல் வழியிலோ, இராமேசுவரத்தை ஒட்டிய நீரிணை ஆழமற்றது ஆகையால், பெருங்கப்பல்கள் இலங்கைத் தீவு முழுவதையும் சுற்றி வந்தே சென்னையை அடைந்தன. ஆகவே, அக்காலத்துச் சாதாரணத் தமிழ்க் குடும்பத்தார்க்குப் பம்பாய் ஓர் அயல்நாடே ஆகும்.

இருப்புப்பாதை இணைத்த விதம்

1853 ஏப்ரல் 16ஆம் நாள், போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 21 மைல் தூரம் முதற் பிரயாணி வண்டி ஓடிற்று என்பது நம் குழந்தைகளும் அறிந்த செய்தி. தென்னாட்டில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கிற்று. இரண்டு முனைகளிலும் பாதை பிறந்துவிட்டது. ஆயினும் அவை ஒன்றையொன்று சந்திக்கப் பல்லாண்டுகள் ஆயின.

பெருந்தடை போர் கணவாயே. பதினைந்து மைல் தூரத்தில் 1,800 அடிக்கு மேல் ஏற வேண்டும். 37 அடி சென்றால் ஓர் அடி ஏறும் சரிவு, இருபத்தைந்து சுரங்கங்கள். இவ்வேலையை ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் என்பார் 1859இல் இந்நாட்டுக்கு வந்த சில நாட்களிலேயே இறந்துபட்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் பின்வாங்காது ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பொறியாளர்களை அமர்த்தி வேலையை முடித்துக் கொடுத்தார். 1863இல் கணவாய்ப் பாதை திறக்கப்பட்டது. பாறையைப் பிளந்தும் கொள்ளை நோய்க்கு இரையாகியும் அம்மலையில் மாண்ட கூலியாட்கள் பல்லாயிரவர். இன்று புனாவுக்குச் செல்லும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து அருவிகளைக் கண்டு மகிழும் நாம், ஒரு கணம் அவர்களையும் எண்ணுதல் தகும்.

மேற்கிலிருந்து வந்த ஜி.ஐ.பி. இருப்புப்பாதையும், சென்னையிலிருந்து அரக்கோணம், கடப்பை வழியாக வந்த சென்னை இருப்புப்பாதையும் 1871இல் ராய்ச்சூரில் கைகோத்தன. அன்றே பம்பாயும் சென்னையும் ஒரே பாதையின் இரு முனைகள் ஆயின. மாதக் கணக்கு நாட்கணக்கு ஆயிற்று.

இரண்டு கடிகாரங்கள்

பாதை இணைந்ததும் புதியதொரு தொல்லை எழுந்தது. ஒரு பிரயாணம் எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டுமாயின், புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமன்றோ? அக்காலத்தில் அவ்வாறு இல்லை. ஒவ்வோர் ஊரும் கதிரவன் உச்சியை அடையும் வேளையைத் தன் நண்பகலாகக் கொண்டிருந்தது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகும். சென்னை பம்பாய்க்குக் கிழக்கே ஏழரைப் பாகை அளவில் இருப்பதால், பம்பாயில் பகல் பன்னிரண்டு மணி அடிக்கையில் சென்னையில் பன்னிரண்டரை.

இருப்புப்பாதைகள் நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம் காட்டிய சென்னை நேரத்தையே பொதுவாக ஏற்றன. ஆகவே பம்பாய் நகரத்துக் கடிகாரம் ஒன்று, பம்பாய் ஸ்டேஷன் கடிகாரம் ஒன்று. ஊர்க் கடிகாரத்தை நம்பிச் சென்றவர் வண்டியைத் தவறவிட்டுத் திரும்புதல் இயல்பே. தமிழ்நாட்டு நேரம் பம்பாய் ஸ்டேஷனில் ஆட்சி செய்த காலம் ஒன்று இருந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி!

1906 ஜனவரி முதல், 82½ பாகைக் கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு அதனால் ஒன்பது நிமிஷமே மாற்றம். பம்பாய்க்கோ முப்பத்தொன்பது நிமிஷம். கடிகாரம் முன்னே நகர்ந்தால் இருட்டிலேயே எழுந்து ஆலைக்கு ஓட வேண்டுமே என்று மில் தொழிலாளர் சினந்தனர். நகரசபையாரும் எளிதில் இணங்கவில்லை. பம்பாய் நேரம் 1955 வரையிலும் இந்நகரில் ஒரு மூலையில் உயிரோடிருந்தது.

தந்தியும் ஆளும்

பாதை இணைவதற்கு முன்பே கம்பி இணைந்துவிட்டது. 1854இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைத் தந்திக் கம்பி பிணைத்தது; 1855இல் பொதுமக்களும் தந்தி அனுப்பலாயினர். மனித வரலாற்றில் அதுகாறும் செய்தியும் ஆளும் ஒரே வேகத்தில் சென்றவர்கள். ஓலையைக் குதிரை சுமந்தது, ஆளையும் குதிரை சுமந்தது. தந்தி வந்தபின் செய்தி பறந்தது; ஆள் பின்தங்கினார்.

இதன் துயரத்தை நம்மைப்போல் அறிந்தவர் யார்? தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் உழைத்த திருநெல்வேலிச் சீமையினரையும், 1915இல் தோன்றிய மாட்டுங்கா இருப்புப்பாதைத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர்களையும், கோட்டைப் பகுதி அலுவலகங்களில் கணக்கு எழுதியவர்களையும் எண்ணிப் பாருங்கள். தந்தி வந்தது என்றாலே வீட்டுப் பெண்டிர் உறை பிரிக்குமுன் அழத் தொடங்கினர். ஊரில் தந்தை மறைந்த செய்தி சில மணி நேரத்தில் வந்துவிடும். மகன் போய்ச் சேர நாட்கள் ஆகும்.

ஏனெனில், சென்னை சென்ட்ரல் வரை அகலப்பாதை. அங்கே இறங்கி மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குச் சென்று, மீட்டர் பாதை வண்டி ஏற வேண்டும். அகலப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைக்கு 1,000 மில்லிமீட்டரே. ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு மேலும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அங்கிருந்து கிராமத்துக்குப் பேருந்தோ மாட்டு வண்டியோ. உடல் காத்திராது. கொள்ளி வைக்கும் உரிமையைத் தம்பிக்கோ பங்காளிக்கோ விட்டுக்கொடுத்து, பதினாறாம் நாள் காரியத்துக்கே போய்ச் சேர்ந்த தலைமகன்கள் நம் காலனிகளில் எத்தனை பேர்! அவர்கள் அன்பிற் குறைந்தவர் அல்லர், அட்டவணையில் தோற்றவர்.

வானில் வந்த கடிதம்

1932ஆம் ஆண்டு நமக்கு இரு வகையில் நினைவுக்குரியது. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது அவ்வாண்டில். பம்பாய்க்கும் சென்னைக்கும் வான்வழி பிறந்ததும் அவ்வாண்டிலேயே.

அதற்கு முன்பே, 1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் லண்டனிலிருந்து கராச்சி வரை விமானத் தபால் கொணரத் தொடங்கியிருந்தனர். கராச்சியில் இறங்கிய கடிதம் அதன்பின் புகைவண்டியில் ஊர்ந்து வந்தது. இந்நாட்டில் விமானம் ஓட்டும் உரிமத்தை 1929இல் முதன்முதலாகப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டாவும், ஆங்கிலேய விமானப் படையில் இருந்த நெவில் வின்சென்ட் என்பாரும் அக்குறையை நீக்க முற்பட்டனர்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் காலையில் டாட்டா அவர்கள், ஒற்றை எந்திரம் பூட்டிய 'பஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் கடிதப் பையோடு கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பிற்பகலில் ஜுஹூவில் இறங்கினார். அங்கிருந்து சென்னைக்குரிய தபாலை ஏற்றுக்கொண்டு வின்சென்ட் புறப்பட்டார். இரவில் பறத்தற்கு ஏற்ற விளக்கோ வானொலித் துணையோ இல்லாமையால் பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார்.

நிலப்படத்தை விரித்து நூல் பிடித்துப் பார்த்தால், பெல்லாரி ஏறத்தாழ அந்நேர்கோட்டிலேயே அமைந்திருப்பதைக் காணலாம். அவ்விமானத்தின் வேகம் மணிக்கு நூறு மைல் அளவே. பறந்த நேரம் மட்டும் எண்ணினால் ஆறு, ஏழு மணி; இரவுத் தங்கலையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு நாள். ஜுஹூவின் இறங்குதளமோ கடலோரத்துச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும். அம்மாதங்களில் விமானங்கள் புனாவுக்குக் குடிபெயர்ந்தன. முதலாண்டில் அக்கம்பெனி ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர் மட்டுமே. வான்வழி அன்று ஆட்களுக்காக ஏற்படவில்லை, கடிதங்களுக்காகவே ஏற்பட்டது.

வின்சென்ட் 1942இல் போர்க்காலத்தில் விமானப் பயணத்திலேயே மறைந்தார். டாட்டா அவர்கள் ஐம்பதாண்டு நிறைவில், 1982 அக்டோபர் 15 அன்று, தமது 78ஆம் வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் பழைய சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார்.

நாகபுரியில் நள்ளிரவு

நாடு விடுதலை பெற்றபின் 1949இல் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. இது வியத்தற்குரிய ஏற்பாடு. பம்பாய், சென்னை, கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விமானம் புறப்படும். நள்ளிரவில் நான்கும் நாட்டின் நடுவே நாகபுரியில் கூடும். தபால் பைகளும் பிரயாணிகளும் விமானம் மாறுவர். பொழுது விடியுமுன் நான்கும் தத்தம் ஊர் திரும்பிவிடும். மாலையில் பம்பாயில் சேர்த்த கடிதம் மறுநாட் காலை சென்னையில். அதே 1949இல் உள்நாட்டுக் கடிதங்களைக் கூடுதல் கட்டணமின்றியே விமானத்தில் அனுப்பும் முறையும் வந்தது.

இதன் பொருள் யாது? தாராவித் தொழிலாளி தம் மனைவிக்கு எழுதுவித்த சாதாரணக் கடிதம் இரவோடிரவாக வானில் பறந்தது. அதை எழுதுவித்தவரோ, பொங்கலுக்கு ஊர் செல்லுங்கால், மூன்றாம் வகுப்பில் கட்டுச்சோற்று மூட்டையின்மேல் அமர்ந்து சென்றார். கடிதத்துக்குக் கிடைத்த வானம் அவருக்குக் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் மறைந்தது. நாகபுரி இரவுத் தபால் 1973இல் நின்றது.

வேகம் நின்ற இடம்

1953 ஆகஸ்டில் தனியார் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, உள்நாட்டுப் போக்குவரத்து இந்தியன் ஏர்லைன்ஸ் வசம் ஆயிற்று. அதன்பின் வந்த மாறுதலை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 640 மைலை, மணிக்கு 160 மைல் செல்லும் டக்கோட்டா நேரே பறந்தால் நான்கு மணி நேரத்தில் கடக்கும். 1957இல் வந்த வைக்கவுண்ட் 300 மைல் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சிறிது கூடுதலாகக் கடக்கும். 1964இல் வந்த காரவெல் என்னும் ஜெட் விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மணியில் கடக்கும்.

இன்றைய புத்தம் புதிய விமானமும் வானில் ஏறக்குறைய அதே ஒன்றரை மணியே எடுத்துக்கொள்கிறது! ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்கு ஆவதால், கம்பெனிகள் அவ்வேகத்தோடு நின்றுவிட்டன. அறுபது ஆண்டுகளாக வானில் ஒரு நிமிஷமும் மிச்சப்படவில்லை. மாறாக, ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதையும் சேர்த்து அட்டவணையில் இரண்டு மணி என்று போடுகின்றனர். தவிர, தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் தலைக்குமேல் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் கடுங்காற்று வீசுவதால், அம்மாதங்களில் சென்னை செல்லும் விமானத்தைவிடச் சென்னையிலிருந்து வரும் விமானம் சில நிமிஷம் முந்துதல் உண்டு.

வேகத்துக்கு விலையும் உண்டு. 1976 அக்டோபர் 12ஆம் நாள் பின்னிரவில், சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம் ஒன்று, எழும்பிய சிறிது நேரத்தில் எந்திரம் பழுதுற்றுத் தீப்பற்றி, சாந்தாகுரூஸுக்கே திரும்ப முயலுகையில் வீழ்ந்தது. அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். நடிகை ராணி சந்திரா தம் குடும்பத்தாரோடு மறைந்தது அவ்விபத்திலேயே. அவர் நடித்துவந்த 'பத்ரகாளி' என்னும் தமிழ்ப் படம் அவரின்றியே முடிக்கப்பட்டு அவ்வாண்டில் வெளிவந்தது. அவ்வழியே பறப்போர் அன்று உயிர்நீத்தோரை மறத்தல் ஆகாது.

யாருக்குச் சுருங்கிற்று?

1964 முதலே சென்னை ஒன்றரை மணித் தூரம்தான். ஆயினும் அத்தூரம் நெடுங்காலம் அதிகாரிகளுக்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. செம்பூரில் மேலதிகாரி ஒருவருக்குச் சென்னை இரண்டு மணி. அதே செம்பூரில் அவர் அலுவலகக் கடைநிலை ஊழியருக்கு ஒன்றரை நாள். ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே ஊர். தூரம் மட்டும் இரண்டு. மைலைப் படைத்தவன் இயற்கை. மணியைப் படைத்தது பணப்பை.

மாறுதல் இரு பக்கமிருந்தும் வந்தது. 1981இல் திருநெல்வேலியும் நாகர்கோவிலும் அகலப்பாதையால் இணைந்தன. அதன்பின் காலப்போக்கில், எழும்பூரில் இறங்கி ஏறாமல் பம்பாயிலிருந்து நெல்லைச் சீமைக்கு ஒரே வண்டியில் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. வான்வழியில், 2003இல் கேப்டன் கோபிநாத் தோற்றுவித்த ஏர் டெக்கான், குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களையும் விமானத்தில் ஏற்றலாம் என்று காட்டிற்று. அக்கம்பெனி நிலைக்கவில்லை, அது திறந்த கதவு மூடப்படவில்லை. இன்று மும்பையிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். நம் பாட்டனார் சென்னைக்கு மட்டும் இருப்புப்பாதையில் கடந்த அதே அளவு!

ஆயினும் கணக்கு இன்னும் தீரவில்லை. 2013 ஜூலையில் தந்தி மறைந்தது, கைபேசி வந்தது. ஊரில் மூச்சு நின்ற மறுகணமே இங்கே அழுகுரல் எழுகிறது. விமானத்தில் இடம் உண்டு. ஆனால் அன்றைக்கே வேண்டும் என்றால் கட்டணம் பன்மடங்கு. முன்கூட்டிச் சீட்டு வாங்கிவைத்துக்கொண்டு எவரும் இறப்பதில்லை. ஆகவே, திருமணத்துக்குப் பறந்து செல்லக்கூடிய நம்மவர் பலர், சாவுக்கு மட்டும் இன்னும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே செல்கின்றனர். அல்லது கைபேசித் திரையில் தகப்பனாரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துத் தேறுகின்றனர். தந்திக் காலத்துத் துயரம் மாறவில்லை, உருவம்தான் மாறிற்று.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

வரலாறு படிப்பது பெருமை பேசுதற்கு மட்டும் அன்று. செய்ய வேண்டியதை அறிதற்கும் ஆகும். இரண்டு பணிகளை நம் சங்கத்தார் முன் பணிவுடன் வைக்கின்றோம்.

ஒன்று: எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியோர்கள் நம் காலனிகளில் இன்னும் உள்ளனர். முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த வண்டியில், எத்தனை நாளில், யாருடைய துணையோடு இந்நகருக்கு வந்தனர் என்பதை இளைஞர்கள் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பழைய சீட்டுகள், கடிதங்கள், தந்திகள் ஆகியவற்றைத் திரட்டுதலும் நன்று. டாட்டா அவர்களின் பறப்புக்கு ஏடு உண்டு. நம் பாட்டிமார் கைக்குழந்தையோடு ராய்ச்சூர் வெயிலைக் கடந்ததற்கு ஏடு இல்லை.

மற்றொன்று: ஊரில் தாய் தந்தையர் மறைந்தால் உடனே செல்ல வழியற்ற குடும்பத்துக்குக் கைகொடுக்க, ஓர் அவசரப் பிரயாண நிதி தொடங்குதல் வேண்டும். குடும்பத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை போதும். அது கடனாகக் கொடுக்கப்பட்டு, தவணையில் திரும்பட்டும்; கேட்பவர் தலைகுனிய வேண்டியதில்லை. சீட்டுக் கட்டியே பிள்ளைகளைக் கரையேற்றிய சமூகத்துக்கு இது புதிதன்று.

மலையைக் குடைந்தவர்கள் மாதத்தை நாளாக்கினர். வானை அளந்தவர்கள் நாளை மணியாக்கினர். அந்த மணி நேரத்தை நம் காலனியின் கடைசி வீட்டுக்கும் உரியதாக்குவது நம் கையில் இருக்கிறது. அது கைகூடும் நாளில், பம்பாய்க்கும் ஊருக்கும் உள்ள தூரம் நம் எல்லோருக்கும் ஒன்றே ஆகும்.